ஸ்டேஜ்ல பாத்துக்கலாம் சார்

எங்கள் நாடகக் குழுவிலும் ஒரு ‘ஸ்டேஜ்ல பாத்துக்கலாம்’ சார் இருக்கிறார். அப்படி ஒருவர் இல்லாத குழு சென்னையில் எங்காவது இருந்தால் விலாசம் கொடுங்கள். வசனம் எழுதுகிற வேலை, சைடு விங்கில் நின்று பிராம்ப்ட் பண்ணுகிற வேலை, ஷோ முடிந்ததும் செட்டில் ஆணி பிடுங்குகிற வேலை, எதுவானாலும் சம்பளம் இல்லாமல் வந்து சேர்ந்துகொள்கிறேன். சம்பளம் இங்கேயும் கிடையாது என்பது வேறு விஷயம்.

கோடை வருகிறது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் ஊரில் உள்ள குழுக்கள் புத்தம் புது நாடகங்களை அரங்கேற்றும் சமயம். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் மாலை ஏழு மணிக்கு மேல் ஏதாவது மொட்டை மாடியிலிருந்து “என் மகளை மறந்துடுங்க!” என்று அலறல் கேட்டால் போலீஸைக் கூப்பிடாதீர்கள்; ரிகர்சல் நடக்கிறது. எங்கள் குழுவும் புது நாடகம் போடுகிறது. அதற்கு ஆள் எடுக்க ஞாயிற்றுக்கிழமை ஆடிஷன் வைத்தோம். பத்து மணி ஆடிஷனுக்கு ஒன்பதே காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தவர் பாத்துக்கலாம் சார்.

நடித்துக் காட்ட அல்ல, தேர்வு செய்ய. அவரை யாரும் அதற்குக் கூப்பிடவில்லை. டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு, வந்த பையன்களையும் பெண்களையும் ஒவ்வொருவராக மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பொதுவாக ஓர் உபதேசம் செய்தார்:

“நடிப்பெல்லாம் அப்புறம் தம்பி. முதல்ல டயலாக்கைப் பாடம் பண்ணணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். அதான் நாடகம்.”

நான் டைரக்டரைப் பார்த்தேன். டைரக்டர் சுவரைப் பார்த்தார்.

ஏனென்றால் இவர் எங்கள் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முழு வாக்கியத்தைக்கூட நான் எழுதியபடி சொன்னதில்லை. மறதி என்று சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் படித்திருக்க வேண்டும். ஸ்கிரிப்டைக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொள்வார், அதோடு சரி. அடுத்து அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது அதில் பால் கணக்கு எழுதியிருக்கும்.

ரிகர்சலுக்கு வருவார். வரவே மாட்டார் என்று சொன்னால் பொய். எட்டு மணிக்கு மேல், கல்யாண ரிசப்ஷன் முடித்துக்கொண்டு, வாயில் பீடாவோடு வருவார். அவருக்குத் தெரியாத கல்யாணம் சென்னையில் நடப்பதில்லை. வந்ததும் அவருடைய சீனை எடுப்போம். அவருடைய ரிகர்சல் இப்படி இருக்கும்:

“இங்க நான் உள்ளேர்ந்து வரேன். வந்து... ஒரு லெங்த்தா பேசறேன். அவ்ளோதான். நீ எடும்மா.”

மகளாக நடிக்கும் பெண் விழிப்பாள். “சார், அந்த லெங்த்தைக் கொஞ்சம் சொன்னீங்கன்னா...”

“அது ஸ்டேஜ்ல பாத்துக்கலாம்மா. இப்பவே குடுத்துட்டா மேடையில ஃப்ரெஷ்ஷா இருக்காது.”

“எனக்கு க்யூ எதுன்னு தெரியணுமே சார்?”

“நான் நிறுத்துவேன் பாரு. அதான் க்யூ.”

பிரச்சினையே அங்கேதான். அவர் மேடையில் அடிக்கடி நிறுத்துவார். அது க்யூவா, மறதியா, இல்லை கைதட்டலுக்காகக் காத்திருக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது. சக நடிகர்கள் அவருடைய கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண் விரிந்தால் மறதி. கண் சுருங்கினால் மறதி, ஆனால் வேறு ஏதோ சொல்லப் போகிறார். இரண்டும் இல்லாமல் சபையின் மூன்றாவது வரிசையைப் பார்த்தால் அவருடைய சம்பந்தி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஷோ அன்று செட் போடுகிறவருக்கு அவரிடமிருந்து தனியாக ஒரு பட்டியல் போகும். ஒரு பேப்பர், ஒரு டயரி, ஒரு ஃபைல், டீப்பாய் மேல் பெரிய சைஸ் பஞ்சாங்கம். ‘குடும்பத் தலைவர் வேஷத்துக்குத் தேவைப்படுது’ என்பார். அரை மணி நேரம் முன்னால் கிரீன் ரூம் மூலையில் உட்கார்ந்து, கோந்து பாட்டிலை வைத்துக்கொண்டு, என் ஸ்கிரிப்டைக் கத்திரித்து அவற்றுக்குள் ஒட்டுவார். அந்தச் சமயத்தில் அவர் முகத்தில் உள்ள ஈடுபாட்டைப் பார்த்தால், இந்த நேரத்தில் படித்தே முடித்திருக்கலாமே என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. நான் சொல்லிப் பார்த்தேன். “இதுவும் ஒரு மெத்தட்தான் ரைட்டரே” என்றார்.

சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அப்பா. அதுதான் அவருடைய நிரந்தரப் பாத்திரம். மகள் காதலைச் சொல்வாள். பேப்பரைப் படித்தபடியே கோபப்படுவார். மகன் வேலை போய்விட்டது என்பான். பக்கத்தைத் திருப்பியபடி ஆறுதல் சொல்வார். பெண்டாட்டி மயங்கி விழுவாள். பேப்பரில் அந்தப் பக்கம் எங்கே என்று தேடிவிட்டுத்தான் “ஐயோ” என்பார். ஒரு பத்திரிகை விமர்சகர் இதைப் பார்த்துவிட்டு, உணர்ச்சிகளை மறைத்துக்கொள்ளும் நடுத்தர வர்க்கத் தந்தையை அடக்கமான நடிப்பில் கொண்டுவந்திருக்கிறார் என்று எழுதினார். அதை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார்.

போன சீசனில் ஒரு சபாவில் புழுக்கம் தாங்கவில்லை என்று யாரோ சைடு விங்கில் டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது காட்சி. பெண் பார்க்க வருகிறார்கள் என்ற பரபரப்பு. பேப்பர் சரசரவென்று பிரிந்து மேடை முழுக்கப் பறந்தது. கைக்கு அகப்பட்ட தாளை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கம்பீரமாக, குரல் தழுதழுக்கச் சொன்னார்:

“போய் வாம்மா. புகுந்த வீட்டுல எல்லாரையும் அனுசரிச்சு நடந்துக்கோ.”

அது ஏழாவது காட்சி.

மகளாக நடித்தவள் கெட்டிக்காரி. இரண்டு விநாடி யோசித்தாள். “அப்பா, மாப்பிள்ளை இன்னும் என்னைப் பாக்கவே வரலைப்பா” என்றாள். சபை கொல்லென்று சிரித்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் எழுதிய இரண்டு மணி நேர நாடகத்தில் இவ்வளவு பெரிய கைதட்டல் எந்த வசனத்துக்கும் விழுந்ததில்லை. ஷோ முடிந்ததும் சபா செயலாளர் நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ‘போய் வாம்மா’ இடம் இருக்கே, பிரமாதம் சார்” என்றார். அவர் அடக்கமாக என்னைக் காட்டி, “ரைட்டர் நல்லா எழுதியிருக்கார்” என்றார்.

கேட்டால் கைவசம் சரித்திரம் வைத்திருக்கிறார். “எம்.ஆர். ராதா ஸ்கிரிப்டைப் பாத்தா பேசினார்? அன்னிக்குக் காலையில பேப்பர்ல வந்த செய்தியைச் சாயந்திரம் ‘ரத்தக் கண்ணீர்’ மேடையில வாங்கு வாங்குன்னு வாங்கலையா?” என்பார். வாங்கினார்தான். ஆனால் ராதா சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். பாட்டு, வசனம், சிலம்பம், படுதா இழுப்பது வரை பழகி, கம்பெனி நாடகங்களிலேயே வளர்ந்தவர். அவர் ஸ்கிரிப்டை விட்டு வெளியே போனார் என்றால் அதற்குள் இருந்துவிட்டுப் போனார். இவர் இன்னும் உள்ளேயே வரவில்லை.

ராதாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1954-இல் நாடக நிகழ்ச்சிகளுக்கு என்றே ஒரு சட்டம் வந்தது. ராதாவை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அதன்படி ஸ்கிரிப்டை முன்கூட்டியே போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்றது. அதுவரைக்கும் ஸ்கிரிப்டில் இல்லாததைப் பேசினால் வம்பு. அப்போதும் மேடையில் இருந்தவர்தான் எங்கள் சார். கமிஷனர் ஆபீஸுக்குப் போன ஸ்கிரிப்டுக்கும் இவர் வாயிலிருந்து வந்ததற்கும் சம்பந்தமே இருந்திருக்காது. எழுதியவன் கேட்க முடியாததைப் போலீஸாவது கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ராதா எடுபடவில்லை என்றால் அடுத்த அஸ்திரம் ஸ்பெஷல் நாடகம். “மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்க ரைட்டரே. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர். ராத்திரி மேடையிலதான் முதல் தடவையா பாத்துக்கறாங்க. ரிகர்சலே கிடையாது. விடியவிடிய ‘வள்ளி திருமணம்’ நடக்குது. நடக்கலையா?”

நடக்கிறது. அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்பெஷல் நாடகக் கலைஞருக்கு ரிகர்சல் தேவையில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த பாட்டும் வசனமும் அவருக்கு மனப்பாடம். தன்னுடையது மட்டுமல்ல, எதிரே நிற்பவருடையதும் மனப்பாடம். வள்ளி ஒரு கேள்வி போட்டால் நாரதர் அதற்குப் பத்து பதில் வைத்திருப்பார். எந்தப் பதிலை எடுப்பது என்பதைத்தான் மேடையில் பார்த்துக்கொள்கிறார். அவர் சொல்கிற ‘பாத்துக்கலாம்’ வேறு, இவர் சொல்கிற ‘பாத்துக்கலாம்’ வேறு. அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வருகிறவர். இவர் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி வருகிறவர்.

அந்த நம்பிக்கை வீண் போனதும் இல்லை. எங்கள் குழுவில் அவருடைய வசனம் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் முடியாது. மனைவியாக நடிக்கும் அம்மாள் தன் வசனத்தோடு அவருடையதையும் சேர்த்துப் பேசியே பழகிவிட்டார்: “நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். ‘என் பொணத்து மேலதான் இந்தக் கல்யாணம் நடக்கும்’னு சொல்லப் போறீங்க. அதுக்கு என் பதில் என்னன்னு கேக்கறீங்களா?” அவர் பேப்பரிலிருந்து தலையை எடுத்து, “கேக்கறேன்” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குக் கைதட்டல் வாங்கிவிடுவார்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருஷம் முன்னால் இதே மாதிரி ஓர் ஆடிஷனுக்கு வந்தவன். தாம்பரம் தாண்டி வீடு. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடித்து, ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரிகர்சலுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து மாடியில் ஜமக்காளம் விரித்து வைப்பான். ரயிலில் வரும்போதே மொத்த நாடகத்தையும் மனப்பாடம் பண்ணிவிட்டான். எல்லோருடைய வசனமும். அவனுக்குக் கொடுத்த பாத்திரம் கொரியர் பையன். வசனம்: “சார், கொரியர். கையெழுத்துப் போடுங்க.”

ஒரு ஷோவில் பாத்துக்கலாம் சார் நடுக்காட்சியில் நின்றுவிட்டார். கண் விரிந்துவிட்டது. நான் விங்கிலிருந்து தொண்டை கிழியக் கிசுகிசுக்கிறேன். நாலு வரிசை ஜனங்களுக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. திடீரென்று அந்தப் பையன், வரவேண்டிய இடமே இல்லாத இடத்தில், “சார், கொரியர்” என்று உள்ளே நுழைந்தான். கவரை நீட்டினான். அவர் பிரித்தார். உள்ளே அவருடைய வசனம், நல்ல பெரிய எழுத்தில். “ஓ! டாக்டர்கிட்டேர்ந்து ரிப்போர்ட் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு முழுவதையும் உணர்ச்சிபொங்க வாசித்தார்.

டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எங்கள் நாடகங்களில் வரும் குடும்பங்களுக்கு ஏகப்பட்ட கொரியர் வருகிறது. சஷ்டியப்தபூர்த்தி நடக்கும்போது வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறது. வெள்ளத்தில் தெருவே மூழ்கியிருக்கும் காட்சியில்கூட முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தது.

வேடிக்கைதான். ஆனால் இது வேடிக்கை மட்டும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனும் ஆடிஷனுக்கு வந்திருந்தான். மகன் பாத்திரத்துக்கு என் ஸ்கிரிப்டில் ஆறு பக்கம் காகிதம் இல்லாமல் பேசிக் காட்டினான். சுத்தமாக, மூச்சுவிடும் இடம் தெரிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, சொல்லாமல் விட வேண்டியதை முகத்தில் காட்டினான். அவன் முடித்ததும் பாத்துக்கலாம் சார் டைரக்டர் பக்கம் சாய்ந்து, அவனுக்கே கேட்கும்படி சொன்னார்: “நல்லாத்தான் பண்றான். ஆனா கொரியரை யார் பண்றது?”

டைரக்டரும் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை போடாது. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’ எல்லாம் போட்டார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். நாடகம் தொழில் இல்லாதவர்கள் நாடகம் போடுவது இந்த ஊரில் பழைய சமாச்சாரம். வேலை முடித்து, பசியோடு, பஸ் பிடித்து வருகிறவர்கள் கொடுக்கிற நேரத்தில்தான் இந்தக் குழுக்கள் ஓடுகின்றன. அந்த நேரத்தை ஒருவர் சௌகரியத்துக்குக் கொடுத்துக்கொண்டே போனால் இன்னும் பத்து வருஷத்தில் மேடையில் சோபாவும் பேப்பரும் மட்டும்தான் இருக்கும். ஏற்கெனவே சபையில் தலைகள் எல்லாம் நரைத்த தலைகள். மேடையிலும் அப்படியே ஆகிவிட்டால் சபாக்காரர் எங்களுக்குத் தேதி கொடுப்பதை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு ஹாலை விடுவார். பாத்துக்கலாம் சார் அந்தக் கல்யாணத்துக்கும் போவார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும்: அவரை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஷோ நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைக் கிளப்பப் போனவர் போனவர்தான். மேடை இருட்டு, மைக் இல்லை. மனப்பாடம் செய்தவர்கள் அத்தனை பேரும் வாயடைத்து நின்றுவிட்டோம். இருட்டுக்கு எங்களிடம் வசனம் இல்லை. பின்வரிசைகளில் நாற்காலி நகரும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஜனங்கள் எழுந்துவிட்டால் திரும்ப உட்கார வைக்க முடியாது. அப்போது சோபாவிலிருந்து அந்தக் குரல் வந்தது. மைக்கே வேண்டாத, கடைசி வரிசைச் சுவரில் போய் முட்டித் திரும்புகிற பழைய காலத்துக் குரல்:

“ஏண்டி, இந்த மாசம் ஈ.பி. பில் கட்டச் சொன்னேனே, கட்டினியா?”

சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது. மின்சார வாரியம், மாமியார் வீட்டுப் பெட்ரோமாக்ஸ், மாப்பிள்ளை அழைப்பன்று கரண்ட் போய் வேறொருத்தருக்கு மாலை போட்ட கதை. விளக்கு வரும் வரை ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. வந்ததும், சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். விட்ட இடத்தைச் சரியாக எடுத்தார் என்பதைத்தான் இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அன்றைக்கு மட்டும் அவருக்கு வசனம் தெரிந்திருந்தது. எப்போது படித்தார், ஏன் மற்ற நாட்களில் படிப்பதில்லை என்று கேட்டேன். “இருட்டுல பேப்பர் தெரியலையே ரைட்டரே, வேற வழி?” என்றார்.

அதனால்தான் அவரை அனுப்ப முடியவில்லை. அதற்காக அந்தப் பையன் காலத்துக்கும் கவரைத் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. டைரக்டரோடு ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை போட்டேன். மகன் பாத்திரம் பையனுக்குத்தான் என்று முடிவாயிற்று. அடுத்து, அப்பா. இந்த நாடகத்தில் அப்பா செத்துப்போய்விட்டார் என்று மாற்றிவிட்டேன். செட்டில் நடுச்சுவரில் பெரிய படம், சந்தன மாலை, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. இரண்டு மணி நேரமும் மேடையில் அவர்தான். பாடம் பண்ண வேண்டியது ஒன்றும் இல்லை, பேப்பரில் ஒட்ட வேண்டியதும் இல்லை.

மறுநாள் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மனசு நொந்துவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஃபிளாஷ்பேக் உண்டா ரைட்டரே?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டாவது காட்சியில் ஒன்று வைத்திருக்கிறேன், சின்னதாக ஒரு பக்கம். பையன் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்.